விறகடுப்புக்குப் புகைக்கூடு கட்டினா மகன்ட முட்டு குறையுமா? கிர்க் ஸ்மித் ஆராய்ச்சி பத்தித் தெரிஞ்சாக்கள் சொல்லுங்க

படுவான்கரைப்புள்ள:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா இஞ்ச வாசிச்சிட்டு மட்டும் போற ஆள், இண்டைக்குத்தான் எழுதுறன், நீளமாப் போனா மன்னிச்சுக்கோங்க.

நாங்க கொக்கட்டிச்சோலைப் பக்கம். வீட்டுல அவர், நான், மாமி, மகன். மகனுக்கு மூண்டு வயசும் நாலு மாசமும். போன மாரியில இருந்து முட்டு. கொஞ்சம் சளி பிடிச்சாக் காணும், நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துற மாதிரி சத்தம், சாமத்துல எழும்பி குந்திக்கிட்டு மூச்சு எடுக்க ஏலாம முழிப்பான், பாத்துக்கிட்டு இருக்கிற எங்களுக்கு உயிர் போயிட்டு வரும். ரெண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடி நெபுலைஸ் பண்ணினது, ஒரு தரம் வார்ட்டுல மூண்டு நாள். இப்ப கிளினிக்ல பம்ப் தந்து ஸ்பேசர் வெச்சுக் குடுக்கிறம். டொக்டர் கேட்டது ஒண்டே ஒண்டு, வீட்டுல விறகடுப்பா எண்டு. ஓம் எண்டன். புகை படாமப் பாத்துக்கோங்க எண்டுட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டுட்டாங்க. எப்பிடிப் பாத்துக்கிற எண்டு கேக்க ஏலுமா, வெளிய நூறு சனம்.

எங்கட குசினி வீட்டோட ஒட்டினாப்புல அக்கினி மூலையில, மண் சுவர், மேல தகரம், ஒரு சின்ன ஜன்னல். காலம சமைக்கக்குள்ள காத்து மேக்கால வரும், புகை வளவுப் பக்கம் போயிடும். பின்னேரம் கடல்காத்து திரும்பினா அவ்வளவும் வீட்டுக்குள்ள. 2022ல காஸ் கியூல நிண்டு களைச்சு விறகுக்குத் திரும்பினது, பிறகு காஸ் வந்தும் மாமி விட்டாவில்ல. டீயும் பால் காய்ச்சுறதும் மட்டும் காஸ்ல, சோறு கறி புட்டு எல்லாம் அடுப்புல. காஸ்ல அவிச்ச புட்டு நீத்துப்பெட்டியில இருந்து விழக்குள்ளயே தெரியுமாம்.

இப்ப அவர் சொல்றார் புகைக்கூடு கட்டுவம் எண்டு. மேசன் சொன்ன காசுக்கு நாலஞ்சு காஸ் சிலிண்டர் வாங்கலாம். நான் நெட்ல தேடிப் பாத்தா கிர்க் ஸ்மித் எண்டு ஒரு விஞ்ஞானி குவாத்தமாலாவுல புகைக்கூடு வெச்ச அடுப்பு குடுத்து ஆராய்ச்சி செஞ்சிருக்கார். ஒரு இடத்துல போட்டிருக்கு பாரதூரமான நிமோனியா மூண்டுல ஒரு பங்கு குறைஞ்சது எண்டு. இன்னொரு இடத்துல அதே ஆராய்ச்சிய சொல்லி, ஒண்டும் நிரூபிக்க ஏலாமப் போச்சு எண்டு. ரெண்டும் எப்பிடி ஒரே நேரத்துல சரியாகும்? காசைப் போட முதல் கேக்கிறன்.

வாழைச்சேனையான்:

தங்கச்சி என்னத்துக்கு குவாத்தமாலாவுக்குப் போறீங்க. என்ட அம்மம்மா 88 வயசு மட்டும் பொச்சுமட்டையும் பன்னாடையும் எரிச்சுத்தான் சமைச்சா, நாங்க ஒம்பது பேரப்பிள்ளையளும் அந்த அடுப்படியிலதான் வளந்தம், ஒருத்தருக்கும் முட்டு கிட்டு ஒண்டும் இல்ல. இப்ப உள்ள புள்ளையளுக்கு பிஸ்கட்டும் டொஃபியும் குடுத்து உடம்பைப் பழுதாக்கிப் போட்டு அடுப்புல பழி போடுறாங்க. புகைக்கூட்டுக் காசுக்கு ஒரு நாட்டுக்கோழி வாங்கி சூப் வெச்சுக் குடுங்க.

கல்லடி ரிட்டயர்ட் சயன்ஸ் சேர்:

வாழைச்சேனைத் தம்பிட அம்மம்மாக்கு கும்பிடு போட்டுட்டு விசயத்துக்கு வாறன்.

மகள், நீங்க வாசிச்ச ரெண்டும் சரி. அது எப்பிடி எண்டு விளங்க அந்த மனுசன் என்ன செஞ்சார் எண்டு கொஞ்சம் தெரியணும். கிர்க் ஸ்மித் அமெரிக்காக்காரர், கலிபோர்னியா பெர்க்லி யூனிவர்சிட்டியில கன காலம் பேராசிரியரா இருந்தவர், 2020 ஜூன்ல மோசம் போயிட்டார். அவர் இதுக்குள்ள இறங்கின காலத்துல காத்து மாசு எண்டா எல்லாரும் ஃபக்டரிப் புகைக்குழாயையும் கார் ரோட்டையும் தான் பாத்தாங்க. லண்டன்ல 1952 டிசம்பர்ல அஞ்சு நாள் புகைமூட்டம் வந்து ஆயிரக்கணக்குல சனம் செத்ததுக்குப் பிறகு அளக்கிற மெசின் எல்லாம் டவுன் நடுவுல, கட்டிடத்துக்கு மேல. இவர் 1980களின் தொடக்கத்துல குஜராத் கிராமங்களுக்குப் போய் அந்த மெசினை சமைக்கிற பொம்புளைட இடுப்புல கட்டிவிட்டவர். வந்த கணக்கு எந்த டவுன்லயும் காணாத கணக்கு. விறகடுப்பு எரியிற ஒரு குசினியில ஒரு மணித்தியாலத்துக்கு 400 சிகரெட் எரிச்சாப் போல புகை வருது எண்டு பிறகு அவர் சொல்லுவார். நான் ஓ லெவல் வகுப்புல இதைச் சொன்னா பொடியன்மார் சிரிப்பாங்க, அப்ப எங்கட அம்மா செயின் ஸ்மோக்கரா சேர் எண்டு.

ஆனா பாத்துட்டுப் பேசினாக் காணாது, பரிசோதனை செஞ்சு காட்டணும் எண்டு உலகம் கேட்டது. புகைக்குள்ள இருக்கிற வீடு ஏழை வீடு, ஏழை வீட்டுல சாப்பாடும் குறைவு, சனமும் நெருக்கம், அப்ப நோய் வந்தது புகையாலயா வறுமையாலயா எண்டு எப்பிடிப் பிரிக்கிற? அதுக்குத்தான் குவாத்தமாலா. சான் மார்க்கோஸ் எண்ட மலைப்பிரதேசம், குளிர், வீட்டுக்குள்ளயே மூண்டு கல்லு வெச்சு எரிக்கிற சனம். 2002ல தொடங்கி 534 வீட்டைத் தெரிஞ்சு, சீட்டுக் குலுக்கினாப் போல பாதிப் பேருக்கு பிளாஞ்சா எண்டு இரும்புத் தட்டு வெச்சு புகைக்கூடு போட்ட அடுப்பு கட்டிக் குடுத்தாங்க, மத்தப் பாதி பழைய அடுப்புலயே இருந்திச்சு, ஆராய்ச்சி முடிய அவங்களுக்கும் கட்டிக் குடுத்தாங்க. ஒவ்வொரு கிழமையும் ஆள் போய் குழந்தைக்கு மூச்சு எப்பிடி எண்டு பாக்கிற. குழந்தைட சட்டையில, புகையோட வாற கார்பன் மொனொக்சைட் எண்ட வாயுவை அளக்கிற ஒரு சின்னக் குழாய் குத்தி விட்டிருக்கும்.

முடிவு 2011ல லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையில வந்தது. டொக்டர் பாத்து நிமோனியா எண்டு சொன்னது புகைக்கூட்டு வீட்டுல ஒரு 22 வீதம் குறைவு, ஆனா அந்த வித்தியாசம் தற்செயலா வந்திருக்கவும் கூடும், புள்ளிவிபரக் கணக்குல பாஸ் ஆகல்ல. பாரதூரமான நிமோனியாவை மட்டும் எடுத்தா மூண்டுல ஒண்டு குறைவு, அது பாஸ். ஒராள் முதல் வரியை எடுத்து எழுதினார், மத்தாள் ரெண்டாவது வரியை எடுத்து எழுதினார், அவ்வளவுதான்.

ஆனா எனக்கு அதுல பிடிச்ச இடம் வேற. புகைக்கூடு வெச்சாப் பிறகு குசினிக்குள்ள இருந்த கார்பன் மொனொக்சைட் 90 வீதம் குறைஞ்சது. ஆனா குழந்தை சுவாசிச்சது பாதிதான் குறைஞ்சது! ஏன் எண்டு யோசிச்சுப் பாருங்க.

படுவான்கரைப்புள்ள:

சேர் நன்றி, இப்பிடி ஒராளும் சொல்லித் தரல்ல. யோசிச்சன்... குழந்தை குசினிக்குள்ள மட்டும் இருக்காதே, அதாலயா?

கல்லடி ரிட்டயர்ட் சயன்ஸ் சேர்:

அதே. நூறு மார்க்ஸ். புகைக்கூடு புகையை இல்லாம ஆக்குறதில்ல, இடத்தை மாத்துது. கூரைக்கு மேல போன புகை வளவுக்குள்ள இறங்கும், பக்கத்து வீட்டு அடுப்புப் புகை இஞ்சால வரும். அந்த ஊர்ல விறகு எரிச்சு நீராவியில குளிக்கிற சின்ன மண் அறையும் வீட்டுக்கு வீடு இருக்கு, குழந்தையையும் தூக்கிட்டுத்தான் உள்ள போவாங்க. அடுப்பை மட்டும் திருத்தினா மத்தது அப்பிடியே கிடக்கும் தானே.

சம்மாந்துறை மில்காரன்:

சேர் சொல்றது நூத்துக்கு நூறு. நான் மில்லுல நெல் அவிக்கிற ஆள், பதினெட்டு வருசம். உமி எரிச்சுத்தான் அவிக்கிற. புகைக்கூடு நல்ல உசரமா இரிக்கு, எங்களுக்கு மேல போயிடும், ஆனா பின்னால உள்ள வீட்டாக்கள் கொடியில வெள்ளை உடுப்பு காயப்போட ஏலாது, கருப்புப் பூ பூத்தாப்புல கரித்தூள் விழுந்து கிடக்கும். சண்டைக்கு வருவாங்க பாவம். அவங்க சொல்றதும் நியாயம், கரித்தூள் கண்ணுக்குத் தெரியுது, தெரியாதது எவ்வளவு போகுதோ.

நானும் முகத்துல சாரன் துண்டு கட்டிக்கிட்டுத்தான் வேலை செய்யிற. அது தூசுக்குக் கொஞ்சம் கேக்கும், புகைக்குக் கேக்குமா சேர்?

கல்லடி ரிட்டயர்ட் சயன்ஸ் சேர்:

உமித்தூசுக்குக் கொஞ்சம் கேக்கும், நெஞ்சுக்கு அடியில போற புகைக்குக் கேக்காது. பிஎம் 2.5 எண்டு சொல்றாங்களே, புகையில இருக்கிற நுண்துகள், அது தலைமயிர் தடிப்புல முப்பதுல ஒண்டு மட்டும் வரும். துணி நூலுக்கு இடையில அது ராஜநடை போட்டுப் போகும். அளவாப் பொருந்துற என் 95 மாஸ்க் எண்டா பரவாயில்ல, அந்தச் சூட்டுல எட்டு மணித்தியாலம் போட்டிருக்கிறது கஷ்டந்தான். உலக சுகாதார ஸ்தாபனம் 2021ல வருசச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல போகப்படாது எண்டு சொல்லியிருக்கு, முந்தி 10 எண்டு இருந்தது. அடுப்படியில எல்லாம் அது நூறு நூறாப் போகும்.

வந்தாறுமூலைப் பொடியன்:

சேர் நல்லா சொன்னீங்க, ஆனா கதை குவாத்தமாலாவோட முடியல்ல, அதுக்குப் பிறகு நடந்ததையும் சொன்னாத்தான் அக்காக்கு நியாயம் எண்டு நினைக்கிறன். எனக்கு இது கெம்பஸ்ல செமினாருக்கு வந்த டொபிக்.

மலாவியில 150 ஊர்ல பத்தாயிரத்துக்கு மேல சின்னப் புள்ளையள வெச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி செஞ்சாங்க, புகை குறைவா எரியிற, ஃபேன் வெச்ச விறகடுப்பு குடுத்து. 2017ல லான்செட்ல முடிவு. நிமோனியாவுல ஒரு வித்தியாசமும் இல்ல. பிறகு காஸ் குடுத்தே பாப்பம் எண்டு குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா எண்டு நாலு நாட்டுல, 3,200 கர்ப்பிணிகளுக்குக் கிட்ட. இந்தியாவுல எங்க தெரியுமா, தமிழ்நாட்டுல நாகபட்டினமும் விழுப்புரமும். கிர்க் ஸ்மித்தோட கன காலம் சேந்து வேலை செஞ்ச சென்னை கல்பனா பாலகிருஷ்ணன் தான் அங்க பொறுப்பு. பாதி வீட்டுக்கு அடுப்பும் காஸும் ஃப்ரீ, வீட்டுக்கே கொண்டு குடுத்தாங்க, சனமும் கிட்டத்தட்ட முழுசா காஸுக்கு மாறினாங்க. தாய்மார் சுவாசிச்ச பிஎம் 2.5 விறகுப் பக்கம் 70 மைக்ரோகிராம் அளவு, காஸ் பக்கம் 24 அளவு. அப்பிடிக் குறைஞ்சும் பிறந்த குழந்தைட நிறையில வித்தியாசம் இல்ல, அது 2022ல வந்த முடிவு. 2024ல நிமோனியா முடிவும் வந்தது, அதுலயும் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்ல. செமினார்ல இதைச் சொல்லி முடிக்க மேடம் கேட்டாங்க, அப்ப புகை நல்லதா எண்டு. நான் முழிச்சன்.

வாழைச்சேனையான்:

பாத்தீங்களா!! நான் சொன்னா நாட்டான் எண்டுவாங்க, இப்ப கெம்பஸ்ல படிக்கிற புள்ளையே சொல்லுது. கோழி சூப் தான் சரி.

வந்தாறுமூலைப் பொடியன்:

அண்ணன் பொறுங்க, நான் இன்னும் முடிக்கல்ல, போன்ல டைப் பண்ணி கை நோகுது.

முழிச்சிட்டு வந்து திரும்ப வாசிச்சன். ஒண்டு, மலாவியில அடுப்பு திருந்தினாலும் அங்க குப்பை எரிக்கிறது, சிகரெட், பக்கத்து வீட்டுப் புகை எல்லாம் அப்பிடியே. ரெண்டு, 24 எண்டதும் குறைவில்ல, சேர் சொன்ன 5க்கு அது அஞ்சு மடங்கு கிட்ட. புகைக்கும் நோய்க்கும் உள்ள கோடு நேரா போறதில்ல அண்ணன், கீழ செங்குத்தா ஏறி மேல போகப் போக படுத்துரும். அதால மேல இருந்து பாதி இறங்கினாலும் நோய் அவ்வளவு இறங்காது, அடி மட்டும் இறங்கினாத்தான் தெரியும். இதை கிர்க் ஸ்மித்தும் அவரோட ஆக்களும் குவாத்தமாலாக் கணக்குலயே காட்டியிருந்தாங்க. மூண்டு, இந்த ஆராய்ச்சியள் பாத்தது சின்னப் புள்ளையள்ட நிமோனியாவும் பிறப்பு நிறையும். முப்பது வருசம் அடுப்படியில குந்தினாக்கள்ட நெஞ்சையும் இதயத்தையும் ஒண்டு ரெண்டு வருச ஆராய்ச்சியில பாக்க ஏலாது.

அக்கா, இன்னொண்டும். உங்கட மகனுக்கு மூண்டு வயசு, வருத்தம் முட்டு. குவாத்தமாலாவுல பாத்தது ஒண்டரை வயசுக்குள்ள நிமோனியா. அதை அப்பிடியே இதுல பொருத்த ஏலாது. புகை பட்டா முட்டு உள்ள புள்ளைக்குக் கூடும் எண்டது வேற விசயம், அது உண்மை.

கல்முனை நேர்ஸ் அக்கா:

எல்லாரும் குவாத்தமாலா மலாவி எண்டு போயிட்டீங்க, ஒருத்தரும் புள்ளையப் பத்தி ஒரு கேள்வி கேக்கல்ல. 🙂

தங்கச்சி, நான் சின்னப்புள்ள வார்ட்டுல பதினோரு வருசம். நீங்க எழுதினதுல ஒண்டு கண்ணுல பட்டது. சாமத்துல எழும்பிக் குந்துறான் எண்டீங்க. சாமத்துல அடுப்பு எரியிறதில்ல தானே. முட்டு ராவையில கூடுறது வழமைதான், அது வேற, ஆனாலும் கேக்கிறன், படுக்கிற அறையில நுளம்புக்கு என்ன செய்யிறீங்க? நுளம்புத்திரியா? கதவு ஜன்னல் பூட்டா?

வாழைச்சேனைத் தம்பிக்கு: அம்மம்மாட கண் எப்பிடி இருந்திச்சு கடைசியில?

வாழைச்சேனையான்:

கண் ரெண்டும் வெள்ளை படந்து ஒப்பரேசன் செஞ்சது. ஏன் அக்கா?

கல்முனை நேர்ஸ் அக்கா:

சும்மா கேட்டன். வயசுக்கும் வரும், விறகடுப்புக்கு முன்னால இருக்கிற பொம்புளையளுக்கு அது கூடுதலா வருது எண்டும் ஆராய்ச்சி இருக்கு. அவ்வளவு தான், சண்டைக்கு வரல்ல.

படுவான்கரைப்புள்ள:

அக்கா ஓம்... நுளம்புத்திரி தான். ஆத்தங்கரை ஊர், நுளம்பு எண்டா அள்ளிக்கொண்டு போற மாதிரி. டெங்குப் பயத்துல ரெண்டு திரி கொளுத்துவம், ஒண்டு கட்டிலுக்கு அடியில, ஒண்டு வாசல்ல. நுளம்பு வந்திரும் எண்டு ஜன்னல் பூட்டு. பின்னேரம் விளக்கு வெச்ச உடன மாமி சாம்பிராணியும் போடுவா வீடு முழுக்க. இதை ஒருத்தரும் புகை எண்டு எனக்குச் சொன்னதில்ல, நானும் நினைச்சதில்ல. அது மருந்துச் சாமான் எண்டு தான் நினைச்சன்.

கல்லடி ரிட்டயர்ட் சயன்ஸ் சேர்:

அடடா. நேர்ஸ் புள்ளைக்குத் தான் நூறு மார்க்ஸ் குடுத்திருக்கணும், நான் குசினியோட நிண்டுட்டன்.

2003ல ஒரு ஆராய்ச்சி வந்தது, சீனாவுலயும் மலேசியாவுலயும் விக்கிற நுளம்புத்திரியள எரிச்சு அளந்தது. ஒரு திரி முழுசா எரிஞ்சு முடிய வாற பிஎம் 2.5, 75 தொடக்கம் 137 சிகரெட்டுக்குச் சமம். நீங்க ரெண்டு கொளுத்துறீங்க. அதுவும் பூட்டின அறைக்குள்ள, கட்டிலுக்கு அடியில.

இதுல தான் கிர்க் ஸ்மித்திட முக்கியமான கதை இருக்கு. அவர் சொன்னது, எவ்வளவு புகை வருது எண்டு மட்டும் கேக்காத, அதுல எவ்வளவு மனுசன்ட நெஞ்சுக்குள்ள போகுது எண்டு கேள். வெளிய விட்ட ஒரு கிராம் மாசை விட வீட்டுக்குள்ள விட்ட ஒரு கிராம் மனுசனுக்குள்ள போறதுக்கு ஆயிரம் மடங்கு வாய்ப்பு. ஆயிரத்தின் விதி எண்டே அதுக்குப் பேர். மில்காரத் தம்பிட புகைக்குழாய் பாக்கப் பயமா இருக்கும், கட்டிலுக்கு அடியில சுருண்டு கிடக்கிற பச்சைத் திரி பாக்கப் பயமா இருக்காது. மூக்குக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம்? ஒண்டரை அடி. எட்டு மணித்தியாலம்.

2022 டிசம்பர்ல காத்து பழுதாப் போச்சு எண்டு நாடு முழுக்க ஸ்கூல் பூட்டினாங்க ஞாபகமா? அண்டைக்கு புள்ளையள வீட்டுக்குள்ள வெச்சிருங்க எண்டாங்க, எங்கட வீட்டுலயும் பேரனை உள்ள வெச்சுக் கதவைப் பூட்டினம். பூட்டிப் போட்டு நுளம்புத்திரி கொளுத்தினம். இப்ப நினைச்சா எனக்கே வெக்கம்.

கல்முனை நேர்ஸ் அக்கா:

தங்கச்சி பயப்படாதீங்க, குற்றம் சொல்றதுக்கு இல்ல. டெங்கு நுளம்பு கடிக்கிறது பகல்ல, விடியக்காலமயும் பின்னேரமும் தான் கூட. ராவைக்குக் கொளுத்துற திரி அதுக்குப் பெரிசா உதவாது. டெங்குக்கு வளவுல தண்ணி தேங்கிற சாமான் பாருங்க, சிரட்டை, பீலி, முக்கியமா அந்தத் தயிர்ச்சட்டியள், எங்கட ஆக்கள் கழுவி அடுக்கி வெப்பாங்க, மழை பெஞ்சா எல்லாத்துலயும் குடம்பி. ராவைக்கு நுளம்பு வலை. திரியை ஒரு மாசம் நிப்பாட்டிப் பாருங்க. சாம்பிராணியை மகன் இல்லாத பக்கம், கதவு திறந்து வெச்சு, கொஞ்சமாப் போடச் சொல்லுங்க, மாமிட மனசும் நோகப்படாது.

குசினிக்கு: அடுப்பு மூட்டக்குள்ள என்ன வெச்சு மூட்டுறீங்க? ஷொப்பிங் பேக் வெச்சு மூட்டுறது எண்டா இண்டையோட நிப்பாட்டுங்க, அந்தக் கறுப்புப் புகை விறகுப் புகையை விட மோசம். பச்சை விறகு வேணாம், காய வெச்சு எரிங்க. மூட்டுற நேரமும் அணைக்கிற நேரமும் தான் புகை கூட, அந்த நேரம் மகன் முன் வாசல்ல நிக்கட்டும். இதெல்லாம் செஞ்சாலும் பம்பை மட்டும் நிப்பாட்டிராதீங்க, நல்லா இருக்கான் தானே எண்டு நிப்பாட்டிட்டு திரும்ப வார்ட்டுக்கு வாறாக்கள் எங்களுக்குக் கிழமைக்கு ரெண்டு பேர்.

சம்மாந்துறை மில்காரன்:

எங்கட வீட்டுல அனகி அடுப்பு, ரெண்டு வாய் உள்ள மண் அடுப்பு. விறகு நல்லா மிச்சம், உம்மாக்கு விருப்பம். ஆனா அதுலயும் புகைக்கூடு இல்லத்தானே, புகை குசினிக்குள்ள தான். அதுக்காகச் சொல்றன் தங்கச்சி, மேசன் சொன்ன காசைக் குடுக்க முதல் தகரத்துல ஒரு பக்கம் உசத்திப் பாருங்க. நாங்க மறுபக்கச் சுவருக்கு மேல ஒண்டரை அடி வெட்டி விட்டம், ரெண்டு ஆள் ஒரு நாள் வேலை, கண் எரிச்சல் பாதி போயிட்டு. காத்து எந்தப் பக்கத்தால வருதுன்னு பாத்து வெட்டணும்.

படுவான்கரைப்புள்ள:

(மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன்)

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்றன்.

நுளம்புத்திரி நிப்பாட்டினம். முதல் ரெண்டு ராவும் போர்க்களம், வலை சின்னன், மகன் உருண்டு வந்து வலையில ஒட்டிக்கிட்டுப் படுத்து முழங்கால் முழுக்க கடி. மூண்டாம் நாள் அவர் களுவாஞ்சிக்குடிக்குப் போய் பெரிய வலை எடுத்து வந்தார். தயிர்ச்சட்டி பதினேழு எண்ணினன் அக்கா, பதினேழு! கவுத்து வெச்சாச்சு.

மேசனுக்கு இப்போதைக்கு வேணாம் எண்டம். மில்கார அண்ணன் சொன்ன மாதிரி தகரத்தை மேக்குப் பக்கம் உசத்தினம், பின்னேரம் காத்து கிழக்கால வந்து அதுக்குள்ளால வெளிய போகுது. சோறும் கறியும் காஸுக்கு வந்திட்டு. புட்டு மட்டும் அடுப்புல, அது காலமதான், அந்த நேரம் மகனை அவர் வாய்க்கால் பக்கம் கூட்டிட்டுப் போவார், மாடு பாக்க. ஷொப்பிங் பேக் விசயம் மாமிக்குச் சொல்ல பயந்து அவரைக் கொண்டு சொல்ல வெச்சன். இப்ப தென்னம்பாளையும் காஞ்ச ஓலையும்.

முட்டு முழுசாப் போகல்ல. இந்த மூண்டு கிழமையில ஒரு தரம் வந்தது, அண்டைக்கு பின்னால வயல்ல வெட்டு மெசின் பரத்திப் போட்ட வைக்கலுக்கு நெருப்பு வெச்சிருந்தாங்க, ஊரே மூடிக் கிடந்தது. முந்தி எல்லாம் வைக்கலைக் குவிச்சு வெச்சு மாட்டுக்கு எடுப்பாங்க, இப்ப மெசின் துண்டு துண்டா வீசிட்டுப் போக அதைப் பொறுக்க ஆள் இல்ல. அதை நாங்க என்ன செய்ய. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போகல்ல, பம்போட அடங்கிட்டு. சாமத்துல எழும்பினது அந்த ஒரு நாள்தான்.

இதைத்தான் சொல்ல வந்தன். பொடியன் தம்பி எழுதினாரே, முப்பது வருசம் அடுப்படியில குந்தினாக்கள் எண்டு. நான் அதை வாசிச்சிட்டுப் படுத்தன், விடியக்காலம நாலரைக்கு மாமி இருமுற சத்தம் கேட்டுது. நான் கல்யாணம் கட்டி வந்த நாள்ல இருந்து அந்தச் சத்தம் கேக்கிறன். அதுதான் எங்களுக்கு அலாரம். மாமி எழும்பிட்டா, கோழி திறக்கப் போறா எண்டு நினைச்சுத் திரும்பிப் படுப்பன். அதை ஒரு வருத்தம் எண்டு ஒருத்தரும் எடுத்ததில்ல, அவவும் எடுத்ததில்ல. இப்ப கொஞ்ச நாளா கோயிலுக்கு நடந்து போகக்குள்ள பாதி வழியில நிண்டு நிண்டு தான் போறா, முழங்கால் எண்டு சொல்லுவா.

அவவுக்கு 61. எங்க கொண்டு காட்டுற அக்கா?

கல்முனை நேர்ஸ் அக்கா:

தங்கச்சி, காட்டத்தான் வேணும். நெஞ்சு கிளினிக்குக்குக் கொண்டு போங்க, உங்களுக்குக் கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில ஓபிடில காட்டினா துண்டு தருவாங்க. ஒரு குழாய்க்குள்ள ஊதச் சொல்லி அளப்பாங்க, நோகாது எண்டு முதலே சொல்லுங்க, இல்லாட்டி ஊசி எண்டு பயந்து வரமாட்டா. சளிய டெஸ்ட்டுக்குக் கேட்டாலும் குடுக்கச் சொல்லுங்க, கன நாள் இருமல் எண்டா காசமும் பாப்பாங்க, அது வழமை. இருமல் எவ்வளவு காலம், நடக்கக்குள்ள எவ்வளவு தூரத்துல களைக்குது, எத்தனை வருசம் விறகுல சமைச்சா, இது மூண்டையும் ஒரு துண்டுல எழுதிக் குடுத்து விடுங்க. இருமலை அவ சொல்லவே மாட்டா, கேட்டாத்தான்.

வந்தாறுமூலைப் பொடியன்:

அக்கா நான் எழுதக்குள்ள எங்கட அம்மாவ நினைச்சுத்தான் எழுதினன். நாங்களும் கொண்டு போகல்ல இன்னும்.

வாழைச்சேனையான்:

தங்கச்சி கோழி சூப் மாமிக்கும் குடுக்கலாம், அதுல ஒரு ஆராய்ச்சியும் தேவையில்ல. பகிடிக்குச் சொன்னன். கொண்டு போய்க் காட்டுங்க. அம்மம்மாவும் காலம இருமுறவ தான், இப்பதான் ஞாபகம் வருது.

படுவான்கரைப்புள்ள:

கேட்டன். வெள்ளிக்கிழமை எண்டா வரமாட்டாவாம், தான்தோன்றீஸ்வரருக்கு விளக்கு வைக்கணுமாம். செவ்வாய்க்கிழமை எண்டு முடிவாயிருக்கு. போட்டுப் போற சாறி எடுத்து வெச்சிட்டா, ஆனா ஒரு கண்டிசன், வரக்குள்ள காஞ்ச விறகு ரெண்டு கட்டு வாங்கித் தரணுமாம்.